இரண்டு தட்டும் ஒரு மூச்சும்

காலையில் எழுந்ததும் நான் குளிர்ந்த தண்ணீரைத் தொடுவதில்லை. தொண்டையை வைத்துப் பிழைப்பவர்களுக்கு அது ஆகாது. ஐம்பது வருடமாகப் பாடுகிறீர்களே, ரகசியம் என்ன என்று கேட்டீர்கள், தம்பி. வெந்நீர்தான் என்று இதுவரை வந்த எல்லாப் பத்திரிகைக்காரர்களிடமும் சொல்லியிருக்கிறேன். அவர்களும் எழுதிக்கொண்டு போனார்கள்.

உண்மையில் நாற்பது வயதிலேயே என் மேல்ஸ்தாயி போய்விட்டது. உச்சிக்குப் போனால் குரல் கிழிந்தது. இந்தத் தொழிலில் அதை வெளியே சொன்னால் மறுநாளே நம் இடத்தில் வேறொருத்தி நிற்பாள். அதனால் என் தங்கையை ஒலிப்பதிவுக்கு அழைத்துப்போனேன். அம்மாவே தொலைபேசியில் ஆள் தெரியாமல் எங்களை மாற்றி மாற்றித் திட்டுவாள், இருவர் குரலும் அப்படி ஒன்றுபோல் இருக்கும். கீழே நான் பாடுவேன். ஏறும் இடங்களை அவள் பாடுவாள். சவுண்ட் என்ஜினியர் இரண்டையும் ஒட்டிய இடம் தெரியாமல் ஒட்டுவார். கேசட் உறையில் என் படம் இருக்கும். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். மேடையில் என் வாயும் சும்மா இருக்கவில்லை, டேப்புக்குத் தகுந்தாற்போல் அசைந்துகொண்டிருந்தது. தங்கைக்குத் துணிமணி, நகை, ஆஸ்துமா வைத்தியம் எல்லாம் நான்தான் பார்த்தேன். ஒரு குறையும் வைக்கவில்லை.

கடைசியாகச் சேர்ந்து பாடிய அன்று, ஒலிப்பதிவுக்குப் போகும்போது காரில் சொன்னாள்.

“அக்கா, இனிமே என் பேர்லயே பாடலாம்னு இருக்கேன். கம்பெனியில பேசிட்டேன். கோவிச்சுக்காத.”

“எனக்கென்னடி கோவம்? நீ நல்லா இருந்தா சரி.”

அதை மனதாரத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

பாடும் அறை சின்னது, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நானும் என்ஜினியரும் உட்கார்ந்திருப்போம். மைக்கில் இரைச்சல் விழும் என்று ஏசியை நிறுத்திவிடுவோம். இன்ஹேலர் சத்தமும் விழும் என்பதால் அதை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவாள். கையை உயர்த்தினால் டேப்பை நிறுத்துவோம், நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அதுதான் எங்கள் பழக்கம். அன்று கடைசி வரியின் உச்சியில் நின்றபடியே கையை உயர்த்தினாள். அப்படியொரு குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. இனி அது வேறொரு பெயரில் வரும் என்பதும் எனக்குத் தெரிந்தது.

“நிறுத்தட்டுமா மேடம்?” என்றார் என்ஜினியர்.

“வேணாம். பாட்டுல லயிச்சுக் கையைத் தூக்குறா. ஓடட்டும்.”

அவர் என்னை நம்பி மறுபடி கருவியைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அவள் என்னைப் பார்த்துத் தடுப்புக் கண்ணாடியை இரண்டு முறை தட்டினாள். பிறகு மைக்கைப் பிடித்தபடி நீளமாக ஒரு மூச்சை இழுத்தாள். இன்ஹேலர் என் மடியில் இருந்தது. விழுந்த சத்தம் கேட்டுத்தான் அவர் உள்ளே ஓடினார்.

ஆஸ்துமா என்று டாக்டர் எழுதினார், அது பொய்யில்லை. தட்டலையும் மூச்சையும் வெட்ட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். முடிவு அழகாக இருந்தது. என்ஜினியர் அந்த வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுத் தொழிலையே விட்டுப் போனார்.

அந்தப் பாட்டுத்தான் என்னைத் தூக்கி நிறுத்தியது. அது முடியும்போது அரங்கம் முழுவதும் டேப்பில் இருப்பதுபோலவே இரண்டு முறை கை தட்டி, ஒரே சமயத்தில் மூச்சை இழுக்கும். ஆயிரக்கணக்கான பேர் இழுக்கிறார்கள். விடுகிற சத்தம் மட்டும் என் காதில் விழுவதில்லை. இப்போதெல்லாம் வீட்டில் யாராவது கதவைத் தட்டினாலும் என் கை தானாக மடியைத் தடவுகிறது. பயமாக இருக்கிறது, தம்பி.

கொலை என்று எழுதிவிடாதீர்கள். நான் நாற்காலியைவிட்டு அசையக்கூட இல்லை. அந்தப் பாட்டுக்கு அவள் பெயரையும் போடச் சொல்லி எழுதுங்கள். பாவம், ரொம்ப ஆசைப்பட்டாள். என் பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில் இருந்தால் போதும்.