பக்க எண் இல்லாத பெயர்

மேடையில் வீற்றிருக்கும் நூலகத் தலைவர் ஐயா அவர்களே, மேடத்தின் புத்தகத்தை வெளியிட முன்வந்திருக்கும் பதிப்பாளர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் பேசி அமர்ந்த பேராசிரியர் அம்மா அவர்களே, மேடத்தின் தங்கை மகன் அவர்களே, நாற்காலி போதாமல் அலமாரிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருக்கும் வாசகர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் எதிர்த் தெருவில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு செய்பவள். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். எழுதி வந்ததைத்தான் படிக்கப்போகிறேன். நிமிர்ந்து பார்க்கவில்லை என்று யாரும் தப்பாக நினைக்க வேண்டாம்.

இவளை எதற்கு மேடையேற்றினார்கள் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். எங்கள் கடை அண்ணன் சொன்னார், "அந்தப் புஸ்தகத்தை முழுசாப் படிச்சவங்க ரெண்டே பேரு. எழுதின மேடம் போயிட்டாங்க. அடிச்சவ நீ இருக்கே. வேற யாரு பேசறது?" என்று.

முப்பத்தாறு ஆண்டுகள் இந்த நூலகத்தின் அட்டவணைப் பிரிவில் இருந்தவர் அவர். ஓய்வு பெற்ற மறுநாளும் அதே நேரத்துக்கு வந்து, அதே சன்னலோரம் உட்கார்ந்தவர். உங்களில் பாதிப் பேருக்கு அவருடைய உண்மையான பதவி தெரியாது. 'சாமியார் மேடம்' என்றால்தான் தெரியும். துறவிகளைப் பற்றியே படித்தார், எழுதினார், பேசினார். யார் இந்தப் பெயரை வைத்தது? அவர் முன்னாலேயே சொல்லிச் சிரிக்கும் அளவுக்கு அது எப்படி ஒட்டிக்கொண்டது? அவருக்கே தெரியாது!

அவருடைய சேவையைப் பற்றிப் பெரியவர்கள் நிறையச் சொன்னார்கள். நான் பார்த்தது ஒன்று. ஒருநாள் மேடத்தோடு இந்த அறையில் உட்கார்ந்து பிழை திருத்திக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவர் வந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"வீட்டை விட்டுப் போறது எப்படின்னு ஒரு புஸ்தகம் வேணும்."

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "வீட்டுல சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டுப் போறதுக்கு நான் என்ன கடைக்கா போறேன்?"

"உட்காருங்க. முதல்ல போனவங்க கதையைப் படிங்க. அப்புறம் போகலாம்."

அவர் இரண்டு வாரம் தினமும் வந்து படித்தார். பிறகு மனைவியோடு ஒருநாள் வந்து உறுப்பினர் அட்டை வாங்கிக்கொண்டு போனார். இன்றைக்கு இரண்டாவது வரிசையில் இருவரும் இருக்கிறார்கள் என்று அண்ணன் சொன்னார்.

மேடம் எழுதிய புத்தகம் எதைப் பற்றியது? வீட்டை விட்டவர்களைப் பற்றியது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னால் தொடங்கி ஐந்நூறு, அறுநூறு ஆண்டுகளில் அவர்கள் எப்படி மாறினார்கள் என்பதைப் பற்றியது. பழைய விதிப்படி துறவி ஓர் ஊரில் ஓர் இரவுக்கு மேல் தங்கக் கூடாது. மழைக்காலத்தில் மட்டும் ஓரிடத்தில் இருக்கலாம். பௌத்தரும் சமணரும் முன்பே தங்குமிடம் கட்டியிருந்தார்கள். சைவத் துறவிகளுக்கும் பிறகு கூரை வந்தது. கூரை வந்ததும் அடுப்பு வந்தது. கோயிலை ஒட்டி மடம் எழுந்தது. அரசர்கள் ஊர்களையே தானம் கொடுத்தார்கள். மடத்தில் பாடம் நடந்தது, வழிப்போக்கர்களுக்குச் சோறு கிடைத்தது, மடத்துத் தலைவர் அரசனுக்கே குரு ஆனார். பேராசிரியர் அம்மா இதையெல்லாம் விரிவாகச் சொன்னார்கள். மேடம் எனக்குச் சொன்னது வேறு மாதிரி.

"ஒரு வீட்டை விட்டுட்டு வந்தவனுக்கு ஊரே சேர்ந்து பெரிய வீடு கட்டிக் குடுத்துச்சு. அப்புறம், அதை யாரு பெருக்குறதுங்கிற பிரச்சினை வந்துச்சு. அதுதாம்மா இந்த மூணாவது அத்தியாயம்."

சைவத் துறவிகளில் பாசுபதர்கள் என்று ஒரு பிரிவினர். பயிற்சியின் ஒரு கட்டத்தில் தங்கள் அடையாளங்களை மறைத்துக்கொண்டு ஊருக்குள் போவார்களாம். விழித்துக்கொண்டே குறட்டை விடுவார்கள். வாத நோய் வந்தவர்போல் நடுங்குவார்கள். கால் நன்றாக இருக்கும்போதே நொண்டுவார்கள். எதற்கு? ஜனங்கள் திட்ட வேண்டும்! தப்பில்லாதவரைத் திட்டினால் திட்டியவரின் புண்ணியம் திட்டு வாங்கியவருக்குப் போய்விடும், இவருடைய பாவம் அவருக்குப் போய்விடும் என்று ஒரு கணக்கு.

"இது ஏமாத்து வேலை இல்லையா மேடம்?" என்றேன்.

"திட்டு வாங்கறது அவ்வளவு லேசுன்னு நினைச்சியா? நீ வாங்காததா?"

எங்கள் கடை அண்ணன் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "மேடம், நான் எங்க மேடம் திட்டறேன்?"

"உங்க புண்ணியம் பூராவும் இந்நேரம் இவகிட்டதான் இருக்கும்!"

அன்று முழுவதும் அண்ணன் என்னைத் திட்டவில்லை. மறுநாளிலிருந்து பழையபடி திட்டினார்.

நான் அதிகம் பேசமாட்டேன் என்பதால் மேடம் என்னை 'மௌனச்சாமி' என்றுதான் கூப்பிடுவார். "மௌனச்சாமி வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே படியேறுவார். இப்போதும் பகல் பதினொரு மணிக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டால் நாற்காலியை நகர்த்தி இடம் விடுகிறேன். வேறு யாராவது ஆதார் நகல் எடுக்க வந்திருப்பார்கள்.

இனிமேல் நான் சொல்லப்போவதை மேடையில் இருப்பவர்களில் இரண்டு பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். உங்கள் எல்லோரிடமும் சொல்லத்தான் வந்தேன்.

புத்தகத்தின் கடைசியில் பெயர்ச் சுட்டி என்று ஒன்று இருக்கும். புத்தகத்தில் வரும் பெயர்களை அகரவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றும் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று எண் போட்டிருப்பார்கள். மேடம் அதைச் சீட்டுகளில் எழுதுவார். ஒரு பெயருக்கு ஒரு சீட்டு. ஆயிரத்துக்கும் மேலே இருந்தன. ஒரு சீட்டை அடித்து முடித்ததும் இரண்டாகக் கிழித்துப் பையில் போட வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். ஒரே பெயரை இரண்டு முறை அடித்துவிடக் கூடாது அல்லவா? நான் அந்தச் சட்டத்தை மீறியதே இல்லை. மீறியிருக்கக் கூடாதா!

ஒரு சீட்டில் பெயர் மட்டும் இருந்தது. பக்க எண் இல்லை. அடித்து, சீட்டைக் கிழித்துப் போட்டேன். எல்லாம் முடிந்த பிறகு சரிபார்த்தபோது அந்த வரி கண்ணை உறுத்தியது. புத்தகம் முழுவதும் தேடச் சொல்லிக் கணினியிடம் கேட்டேன். எங்கேயும் இல்லை என்றது. கைத்தவறு என்று நினைத்தேன். அந்த வரியை அழித்தேன். கோப்பைச் சேமித்தேன். பையைப் பழைய காகிதக்காரர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மேடம் அச்சுப்படி பார்க்க வந்தார். நானே பெருமையாகச் சொன்னேன். "மேடம், ஒரு பேருக்குப் பக்க எண்ணே இல்ல. புஸ்தகத்துலயும் இல்ல. எடுத்துட்டேன்."

அவர் தாளைக் கீழே வைத்தார்.

"எடுத்துட்டியா?"

"தப்பா மேடம்?"

"தப்பில்ல. விதிப்படி நீ செஞ்சது சரிதான். அது புஸ்தகத்துல வர்ற ஆள் இல்ல."

"அப்புறம் யாரு?"

"புஸ்தகத்தை எழுத வச்ச ஆளு."

அது அவருடைய அண்ணன். மேடத்துக்குப் பதினொரு வயதாகும்போது, பத்தொன்பது வயதில் வீட்டை விட்டுப் போனவர். துறவு வாங்கும் முன் ஒருவன் தனக்குத் தானே ஈமக்கடன் செய்துகொள்ள வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது. உயிரோடு இருக்கும்போதே அவன் வீட்டாருக்குச் செத்தவன் ஆகிறான். பழைய பெயர் போய்விடும். பின்னால் உண்மையாகவே அவன் சாகும்போது வீட்டாருக்குத் துக்கம் கிடையாது. அந்தச் சடங்கை முடித்துவிட்டேன் என்று அண்ணனிடமிருந்து ஒரு கடிதம் வந்ததாம். அப்பா அதைப் படித்துவிட்டு, "இனிமே அந்தப் பேரு இந்த வீட்டுல கேக்கக் கூடாது" என்றாராம். அவ்வளவுதான். யாரும் சொல்லவில்லை.

மேடம் வேலைக்குப் போன பிறகு விடுமுறை நாட்களில் மடம் மடமாக ஏறி இறங்கியிருக்கிறார். "இங்கே யாருக்கும் பழைய பெயர் கிடையாதம்மா" என்று எல்லா இடத்திலும் ஒரே பதில். பிறகுதான் கல்வெட்டுகளைப் படிக்க ஆரம்பித்திருக்கிறார். அங்கேயும் அதே கதை. இன்ன குரு, அவருடைய மாணவர் இன்னார், அவருடைய மாணவர் இன்னார் என்று தலைமுறை தலைமுறையாகப் பட்டியல் போகும். ஒருவருக்கும் தங்கை இருந்ததாகக் கல்லில் இல்லை!

இதையெல்லாம் கேட்டதும் விசைப்பலகையை இழுத்தேன். "பேரைச் சொல்லுங்க மேடம். இப்பவே அடிச்சிடறேன்."

"அண்ணன் பேரை நான் வாயால சொன்னதே இல்லம்மா. அண்ணான்னுதான் கூப்பிட்டிருக்கேன். உனக்கு ஞாபகம் இல்லையா?"

எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு நாளில் முந்நூறு பெயர் அடித்தவள் நான். விரல் வழியாகப் போன பெயர் எதுவும் மனசில் தங்கவில்லை.

"அப்ப எழுதிக் குடுங்க மேடம்."

பேனாவும் வெற்றுச் சீட்டும் கொடுத்தேன். சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பேனாவை மூடினார்.

"கண்ணாடி எடுத்துட்டு வரல. நாளைக்கு எழுதித் தர்றேன்."

கண்ணாடி அவர் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அவர் வீட்டில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே உயிர் போய்விட்டது என்று தங்கை மகன் வந்து சொன்னார்.

அவரிடம்தான் முதலில் கேட்டேன். அவர் வீடு முழுக்கத் தேடினார். நாட்குறிப்புகள் இருக்கின்றன. பக்கத்துக்குப் பக்கம் 'அண்ணா' என்றுதான் இருக்கிறது. "எங்கம்மா சாகற வரைக்கும் எனக்கு ஒரு மாமா இருந்தாருன்னே சொல்லல" என்றார். மேடமும் அண்ணனும் படித்த பள்ளிக்கும் எழுதிக் கேட்டார். அந்த ஆண்டுகளின் பதிவேடு இல்லை என்று பதில் வந்தது.

யோசித்துப் பாருங்கள். தகப்பன் விலக்கிய பெயர். மடம் மறந்த பெயர். போனவரே உதறிவிட்டுப் போன பெயர். உலகத்தில் ஒரே ஒரு சீட்டில், நீல மையில், அழுத்தி எழுதப்பட்டு இருந்தது. அதை நான் கிழித்தேன்.

ஐயா, என் வேலையே நாள் முழுவதும் பெயர் அடிப்பதுதான். கல்யாணப் பத்திரிகை, வாடகை ஒப்பந்தம், பள்ளிச் சான்றிதழ். ஓர் ஆண் பெயர் வந்தால் கை நின்றுவிடுகிறது. இதுவா? இல்லை. இதுவா? இல்லை. வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். பெயர்ச் சுட்டியைத் திறந்தால் இரண்டு வரிகளுக்கு நடுவே கோடு மின்னி மின்னி நிற்கிறது. எனக்குத் தெரிவது இவ்வளவுதான்: முதல் நாள் காலையில் டீ வருவதற்குள் அடித்த உயிரெழுத்துச் சீட்டுகளில்தான் அந்தச் சீட்டு இருந்தது. ஆகவே அது உயிரெழுத்தில் தொடங்கும் பெயர்.

பதிப்பாளர் ஐயா நல்ல மனசோடு சொன்னார், "பக்க எண் இல்லாத பேரு சுட்டியில இருந்தா பிழைன்னுதான் சொல்லுவாங்க. விட்டுடும்மா" என்று. கண்ணாடி இருந்தும் எழுதாமல் போனாரே, ஒருவேளை அவரே விட்டுவிட நினைத்தாரோ என்று நானும் பல நாள் யோசித்தேன். நீ அழித்ததுதான் அந்தச் சடங்கின் மிச்சம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் மேடத்தை உங்களுக்குத் தெரியாதா? வேண்டாம் என்றால் வேண்டாம் என்பவர் அல்லவா அவர்? முப்பத்தாறு வருடத்தில் எந்த வாசகரிடமாவது சும்மா 'நாளைக்கு' என்று சொல்லியிருக்கிறாரா? என்னிடம் 'நாளைக்கு' என்றார்.

ஆகவே மேடத்தின் வேலையை இந்த இடத்திலிருந்து நான் தொடர்கிறேன். உயிரெழுத்துகள் முடியும் இடத்தில் ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். பதிப்பாளர் ஐயா இன்று காலைதான் சம்மதித்தார். பெயர் கிடைத்தால் அந்த வரியில் வரும். பக்க எண் போடமாட்டேன். மேடம் போடாததை நான் எப்படிப் போடுவது?

கோப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மேடம் வளர்ந்த தெருவிலிருந்து நான்கு பேர் வந்திருக்கிறீர்களாம். முன்வரிசையில் இருக்கிறீர்கள் என்றார்கள். நீங்கள் அந்த வீட்டு வாசலில் விளையாடியிருப்பீர்கள். அந்த அண்ணனை யாராவது உள்ளேயிருந்து சத்தம் போட்டுக் கூப்பிட்டதைக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் வீட்டில்தான் சொல்லக் கூடாது. உங்களுக்கு யாரும் தடை போடவில்லை.

கூட்டம் முடிந்ததும் கீழ்ப்படியில் நிற்கிறேன். அருகில் வந்து சொல்லுங்கள். நிச்சயமாகத் தெரியாவிட்டாலும் சொல்லுங்கள். கேட்டால் எனக்குத் தெரிந்துவிடும் என்றுதான் நம்புகிறேன்.

அவசரமாக இறங்க வேண்டாம். கடைசி ஆள் போகும்வரை நிற்பேன்.