காஷ்மீர்த் தூசி

தாம்பரத்தில் செங்கல்பட்டு ரயில் கிளம்பியதும், எதிர் இருக்கைப் பெண் பக்கத்திலிருந்தவனிடம் சொன்னாள்: “என்னைக் கட்டிக்கிறவர் இந்தத் தூசியையும் சேர்த்துத்தான் கட்டிக்கணும்.”

போன வாரம் அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவன் அவன் என்பது பேச்சில் புரிந்தது. அவள் கையில் ஒரு சின்ன டப்பா இருந்தது.

“எந்த ஊர்த் தூசிங்க?”

“காஷ்மீர். பனியுகத்துல பனிப்பாறைங்க மலையை மாவா அரைச்சுச்சு. அந்த மாவைக் காத்து தூக்கிட்டு வந்து மேடு மேடா போட்டுடுச்சு. அதைத்தான் ஆராய்ச்சி பண்றேன். கல்யாணம் ஆனாலும் வருஷா வருஷம் அங்க போவேன். அன்னிக்கு இதை வீட்ல சொல்ல விடல.”

அவன் டப்பாவை வாங்கித் திறந்தான். ஜன்னல் காற்று மொத்தத்தையும் வாரி அவன் முகத்தில் அடித்தது.

“ஐயோ, ஸாரிங்க! உங்க ஆராய்ச்சி!”

“லேப்ல மூட்டை மூட்டையா இருக்கு!” அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மீன் கூடையோடு கீழே உட்கார்ந்திருந்த அம்மாள், “இன்னாம்மா, சிரிச்சுகினே கீற? தொடச்சி வுடு,” என்றார்.

அவள் துப்பட்டாவால் துடைத்தாள். மீசை மட்டும் மஞ்சளாகவே நின்றது.

“அந்த மேட்டை நானும் பாக்கணும்,” என்றான். “அடுத்த தடவை லீவு போட்டுட்டு வரேன்.”

வண்டலூரில் இறங்கும்போதே அவள் போனில் கத்தினாள்: “அம்மா, அவங்க வீட்டுக்குச் சரின்னு சொல்லிடு!”