பழைய வீடியோவே ஓடட்டும்

வீடியோவுக்குப் பெயர் வைப்பது பிள்ளைக்குப் பெயர் வைப்பதைவிடச் சிரமம். எங்கள் வேலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 'ஃபைனல்' என்று ஒன்று வரும், 'ஃபைனல் புதுசு' என்று இன்னொன்று வரும், 'இதுதான் நிஜ ஃபைனல்' என்று மூன்றாவதும் வந்து நிற்கும்.

மன்னியுங்கள், போன் அடிக்காத அறையில் உட்கார்ந்து பழக்கமில்லை. கை தானாகத் தேடுகிறது.

கம்பெனிக்குப் பல ஊர்களில் தொழிற்சாலைகள். எல்லாச் சுவர்த் திரைகளிலும் என்ன ஓட வேண்டும் என்று முடிவு செய்வது எங்கள் சின்ன அறை. மூன்று பேர் இருந்தோம். ஒருத்தி பிரசவ விடுப்பில் போனபின் நானும் எடிட்டர் தம்பியும்தான். கூடப் பிறக்கவில்லை, அவ்வளவுதான் குறை.

"அக்கா, நீங்க லீவு போட்டா சர்வரே அழுதுரும்," என்பான்.

"நீ போட்டா நான் அழுதுருவேன்டா," என்பேன்.

இருவரும் சிரிப்போம். நான் விளையாட்டுக்குச் சொன்னதில்லை.

ஒரு தொழிற்சாலையில் பெட்டி அழுத்தும் இயந்திரத்தை மாற்றினார்கள். பழையதில் பெட்டி சிக்கினால் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டுக் கையால் இழுத்துவிடலாம். புதியதில் அது போதாது. அழுத்தும் தட்டு இன்னொரு முறை இறங்கும். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட வேண்டும். அதைப் படமெடுக்க அவனை அனுப்பினேன். அங்கிருந்த பாதுகாப்பு அதிகாரிப் பெண்தான் செய்துகாட்டினாள். நல்ல குரல், தெளிவான பேச்சு.

வெட்டாத காட்சிகளையும் பார்ப்பது என் வேலை. ஓரிடத்தில் அவள் கேட்கிறாள்: "என்ன சார், கேமரா ஆடுதே?"

"கேமரா ஆடலைங்க. நான்தான்," என்கிறான் இவன்.

கேட்க இனிமையாகத்தான் இருந்தது. அந்தத் துண்டை அழித்தேன். பிறகு மீட்டெடுத்து மறுபடி பார்த்தேன். மறுபடி அழித்தேன்.

இந்த விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கிறதே, உங்களுக்குத் தொந்தரவாக இல்லையா?

கொஞ்ச நாளில் அவன் என் மேசை முன் வந்து நெளிந்தான். "அந்த சேஃப்டி மேடத்தோட கல்யாணம் முடிவாயிடுச்சுக்கா. அந்த ஊருக்கே ட்ரான்ஸ்ஃபர் கேட்டிருக்கேன். நீங்கதான் முன்ன நின்னு நடத்தி வைக்கணும்."

"நான் இல்லாம வேற யாருடா நடத்துவா," என்றேன்.

கையிலிருக்கும் வேலையை முடிக்காத ஆளை எங்கள் கம்பெனி மாற்றலில் விடாது. நான் 'வெளியிடலாம்' என்று மாற்றும்வரை எந்த வீடியோவும் முடிந்த கணக்கில் வராது. திரைகளில் பழையதே ஓடும். நான் எதையும் மறுக்கவில்லை. ஒலி சற்றுக் கம்மி என்றேன். எழுத்து சிறியது என்றேன். கம்பெனி சின்னம் ஓரம் தள்ளியிருக்கிறது என்றேன். அவன் முகம் சுளிக்காமல் திருத்தினான். கடைசியில் திருத்த ஒன்றுமே இல்லாமல் போயிற்று. அப்போதும் என்னிடமே வைத்துக்கொண்டேன்.

ஒருநாள் அவளே போன் செய்தாள். "அக்கா, புதுசா ஆளுங்க சேர்ந்திருக்காங்க. நான் எவ்வளவு சொன்னாலும், டிவில அப்படித்தான் காட்டுறாங்கன்னு கைய விடுறாங்க. எனக்குப் பயமா இருக்குக்கா."

"இந்த வாரமே அனுப்பிடறேம்மா," என்றேன். அன்போடுதான் சொன்னேன். பழைய வீடியோவின் காலக்கெடு அன்றோடு முடிவதாக இருந்தது. நீட்டித்தேன்.

புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டுக் கையை உள்ளே விட்டிருக்கிறாள். அதிகாரி பாய்ந்து போய் அவளைத் தள்ளிவிட்டாள். தட்டு இறங்கியது. புதியவளுக்குக் கீறல்கூட இல்லை. தள்ளியவளுக்கு வலது கை மணிக்கட்டோடு போயிற்று.

செய்தி வந்ததும் முதல் வேலையாகப் புதிய வீடியோவை வெளியிட்டேன். எல்லாச் சுவர்களிலும் அவள் வந்தாள், இரண்டு கைகளோடும். அடுத்து, கணினிப் பதிவில் 'யாரிடம் நிலுவை' என்ற இடத்தில் என் பெயரை எடுத்துவிட்டு அவன் பெயரைப் போட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் என் தோளில் சாய்ந்து, "நான்தான் லேட் பண்ணிட்டேன்க்கா," என்று அழுதான். தலையைத் தடவிக்கொடுத்தேன். அழுதால் பாரம் குறையும்.

நீங்கள் கூப்பிட்டு நான் வரவில்லை. உங்களுக்கு என்மேல் சந்தேகமே இல்லை, தெரியும். ஆனால் நேற்று அவன் ராஜினாமா அனுப்பிவிட்டான். இந்த வேலைக்கே தான் லாயக்கில்லையாம். இனி அவள் பக்கத்திலேயே இருக்கப் போகிறானாம். அதற்குப் பிறகு வீட்டில் என்னால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அதனால்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். என்ன ஆகும் என்று தெரிந்தே அந்த வீடியோவை நிறுத்தி வைத்தது நான். அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள், எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

அவனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். முதலில் கோபப்படுவான். பிறகு, அக்கா ஏன் இப்படிச் செய்தாள் என்று யோசித்துப் பார்ப்பான். பாசம் புரியாத பையன் இல்லை அவன். திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடுவான். அவன் நாற்காலியில் யாரையும் உட்காரவைக்க வேண்டாம் என்று ஆபீசில் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.