அந்த இரண்டு எழுத்துகள் உங்களுடையவை அல்ல

“‘மாசற்ற’ன்னு போடாத.”

“ஏன்? பணி நிறைவு மடல்னா அதானே முதல் வார்த்தை.”

“அப்போ மாசு யாரோடதுன்னும் ஒரு வரி சேத்துக்கோ. அடியில நம்ம மூணு பேர் பேரும் வருதுல்ல?”

“க்ளின்ட், மெதுவா. பக்கத்து ரூம்லதான் இருக்காங்க.”

“இருக்கட்டுமே. அவங்களுக்குத் தெரியாததையா பேசறோம்?”

பெருமதிப்பிற்குரிய ஆர்டிஸ் நைகார்ட் அவர்களே,

இந்த மாநிலத்தில் வீடு விற்கவோ, தரகு பேசவோ, நிலத்துக்கு மதிப்புச் சொல்லவோ உரிமம் பெற்ற ஒவ்வொருவரின் விண்ணப்பத்தையும் முப்பத்தொரு ஆண்டுகள் முதலில் பிரித்துப் படித்தவரே, காலியாக விட்ட கட்டத்தைக் கண்டால் திருப்பி அனுப்பும் சீட்டை எடுக்காமல் தொலைபேசியை எடுத்தவரே, எங்கள் மூவருக்கும் வேலை கற்றுத் தந்தவரே, வணக்கம்.

மேலே இருப்பது செவ்வாய்க்கிழமை காலை காபி அறையில் நாங்கள் பேசியது. பாராட்டு மடலில் இப்படிப்பட்ட பேச்சு வரக்கூடாது என்பது தெரியும். அலங்காரமாகத் தொடங்கிய மூன்று மடல்களைக் கிழித்துப் போட்ட பிறகு, இந்தப் பேச்சிலிருந்துதான் எங்களால் மேலே எழுத முடிந்தது. எழுதுபவள் உரிமப் பிரிவின் டெஸ்ஸா. உடன் நிற்பவர்கள் புகார்களை விசாரிக்கும் க்ளின்ட்டும் கைரேகை அட்டைகளைப் பார்க்கும் ரோசாலியாவும். இதை இன்று விருந்தில், இயக்குநரும் உரிம வாரியத் தலைவரும் கேட்க, உரக்கப் படிக்கப்போகிறோம்.

முதலில் உங்கள் பணியைச் சொல்ல வேண்டும். விற்பனையாளருக்கு இத்தனை மணி நேர வகுப்பு, தரகருக்கு அதற்கு மேல் இரண்டு ஆண்டு அனுபவம், மதிப்பீட்டாளருக்கு மேற்பார்வையாளர் வரிக்கு வரி கையெழுத்திட்ட வேலைக் குறிப்பேடு, வெளிமாநிலத்தில் உரிமம் வைத்திருந்தவருக்கு அந்த மாநிலத்தின் நன்னடத்தைக் கடிதம், எல்லோருக்கும் கைரேகை. நாங்கள் இவற்றை விதிகளாக மனப்பாடம் செய்தோம். உங்களுக்கு இவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் வீட்டின் தாழ்ப்பாள். ஆனாலும் தாழ்ப்பாள் போடுகிறவரின் கடுமை உங்களிடம் இருந்ததில்லை. மேற்கே மாட்டுப் பண்ணையிலிருந்து விண்ணப்பித்த பெண்மணியை நீங்கள் அழைத்துப் பேசியது இன்றும் காதில் இருக்கிறது.

“வகுப்பு மணி நேரம் எழுதற கட்டத்துல உங்க உயரத்த எழுதியிருக்கீங்க மேடம். அஞ்சரை மணி நேரம் படிச்சவங்கள நம்பி யாரும் வீட்டுச் சாவியக் குடுக்க மாட்டாங்க. வேற தாள் அனுப்பறேன், பயப்படாதீங்க.”

அந்தப் பெண்மணிக்கு இன்று சொந்தத் தரகு அலுவலகம் இருக்கிறது. விருந்துக்கு வந்திருக்கிறார்.

இனி எழுதக் கூசுவதை எழுத வேண்டும்.

ஒவ்வொரு கோப்பின் முதல் பக்கத்திலும் ஒரு மஞ்சள் தாள் உண்டு. பதினான்கு கேள்விகள். எல்லாவற்றையும் பார்த்து முடித்தவர் கடைசிக் கட்டத்தில் தம் பெயரின் முதலெழுத்துகளைப் போட வேண்டும். நீங்கள் ஒருவரே பார்த்த காலத்தில் அங்கே எப்போதும் உங்கள் பெயரின் ஆங்கில முதலெழுத்துகளான ஏ.என். என்றே இருந்தது. எண்ணெய்க் கிணறுகள் வந்து, ஆட்கள் வந்து, வீடுகள் பெருகி, விண்ணப்பங்கள் மேசையை மூடியபோது எங்களையும் பார்க்கச் சொன்னார்கள். நாங்கள் பார்த்தோம். ஆனால் கடைசிக் கட்டத்தில் நாங்களும் ஏ.என். என்றே எழுதினோம். வேறு எழுத்து இருந்தால் மேலே இருப்பவர்கள் கேள்வி கேட்டார்கள்; உங்கள் எழுத்து இருந்தால் கேட்கவில்லை. காரணம் அவ்வளவுதான். நீங்கள் கண் அறுவைச் சிகிச்சைக்காக ஆறு வாரம் விடுப்பில் இருந்தபோதுகூட இந்த அலுவலகத்தில் ஏ.என். ஓயவில்லை.

“இதுக்கு ஏ.என். போட்டாச்சா?” என்று ரோசாலியா கேட்பாள். “போட்டுட்டேன், அடுத்தத தள்ளு” என்பேன் நான். அது ஒரு மனுஷியின் பெயர் என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது. ரப்பர் முத்திரையைப்போல உங்களைப் பயன்படுத்தினோம்.

லாரன்ஸ் பெக் என்பவரின் கோப்பு அந்த ஆறு வாரத்தில் வந்தது. மதிப்பீட்டாளர் உரிமம் கேட்டிருந்தார். பக்கத்து மாநிலம் அவருடைய உரிமத்தை முன்பே பறித்திருந்தது. ஆனால் அதே பெயரில் அங்கே இன்னொரு நல்ல மனிதரும் இருந்தார். அவருக்கு உரிய நன்னடத்தைக் கடிதம் இவர் கோப்பில் வந்து சேர்ந்தது. கடிதத்திலும் விண்ணப்பத்திலும் பிறந்த தேதி வேறு வேறு. “பேர் ஊருக்கே பொது. பொறந்த தேதிதான் ஆளு” என்று எங்களுக்கு முதல் நாளே சொன்னவர் நீங்கள். அந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் கட்டத்தில் ஏ.என். எழுதியது நான். கணவர் இறந்து நான்கு மாதமே ஆன ஒரு பெண்மணியின் கோதுமை நிலத்துக்கு, உரிமம் கிடைத்த அந்த பெக் பாதி மதிப்பு எழுதித் தம் மைத்துனருக்கே வாங்கிக் கொடுத்தார்.

வாரியத்தின் விசாரணை நாளன்று நாங்கள் மூவரும் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். உறுப்பினர் ஒருவர் மஞ்சள் தாளை உங்கள் முன்னால் நகர்த்தினார்.

“இது உங்க எழுத்தா?”

நீங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தீர்கள். அந்த ஏ-யில் குறுக்குக் கோடு இல்லை. நான் எழுதும் ஏ-யில் எப்போதும் அது விட்டுப்போகும். “உன்னோட ஏ கூரை மட்டும் போட்ட வீடு டெஸ்ஸா, அதுல யாரும் குடியிருக்க முடியாது” என்று எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறீர்கள். ஆகவே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தாளில் இருந்த தேதியும் நீங்கள் விடுப்பில் இருந்த நாள்தான். அதைச் சுட்டிக் காட்டியிருந்தாலே போதும். யாரும் அதைக் கவனிக்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

“இந்த ஆபீஸ்ல அந்த ரெண்டு எழுத்துன்னா அது நான்தான்” என்றீர்கள். உங்களுக்குப் பொய் சொல்ல வராது. சொன்ன வாக்கியத்தில் பொய்யும் இல்லை. பின் வரிசையில் என் கால்கள் எழுந்திருக்கத்தான் பார்த்தன. நான் எழுந்திருக்கவில்லை. க்ளின்ட் தரையைப் பார்த்தான். ரோசாலியா பையில் எதையோ தேடினாள். வாரியம் உங்களுக்கு எழுத்து மூலமான கண்டனம் வழங்கியது. அன்று பிற்பகல் நீங்கள் வழக்கம்போல எங்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தீர்கள். நாங்களும் வாங்கிக் குடித்தோம்.

கண்டனம் ஒரு காகிதம்தானே, ஓய்வுக்குப் பிறகு யார் பார்க்கப்போகிறார்கள் என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். அதுவும் உண்மையில்லை என்று சென்ற வாரம் தெரிந்தது. கடந்த குளிர்காலச் சனிக்கிழமைகளில் பனியைத் தள்ளிக்கொண்டு நீங்கள் விற்பனையாளர் வகுப்புக்குப் போனதையும், மார்ச்சில் தேர்வில் தேறியதையும் அறிவோம். ஏரிக்கரை ஊரில் தங்கை மகளின் தரகு அலுவலகச் சுவரில் உங்கள் உரிமத்தை மாட்ட ஆணி அடித்தாகிவிட்டது என்று சொல்லி ரூபார்ப் கேக் கொண்டுவந்து கொடுத்ததும் நினைவிருக்கிறது. அந்த விண்ணப்பம் கைரேகை அட்டையோடு ரோசாலியாவின் மேசைக்கு வந்தது. பதினோராவது கேள்வி: எந்த அரசு அமைப்பாவது உங்களுக்குக் கண்டனம் வழங்கியதுண்டா? நீங்கள் ‘ஆம்’ என்று குறித்திருந்தீர்கள்.

கண்டனம் பெற்றவருக்கு ஐந்து ஆண்டுகள் உரிமம் கிடையாது. இது நாங்கள் தினமும் பிறருக்குச் சொல்லும் விதி. உங்களுக்கு வயது அறுபத்தாறு.

ரோசாலியா அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். “இத நான் திருப்பி அனுப்பணுமாம். எப்படிடி அனுப்புவேன்? எனக்குக் கட்டம் பாக்கக் கத்துக் குடுத்ததே இவங்கதான்” என்றாள்.

அன்றே உங்கள் அறைக்கு வந்தோம். கதவைச் சாத்திவிட்டு உண்மையைச் சொன்னோம். நீங்கள் மேசை இழுப்பறையைக் காலி செய்தபடியே கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

“தெரியும். அன்னிக்கே தெரியும்.”

“அப்போ ஏன் சொல்லல?”

“நான் வெளிய போறவ, நீங்க உள்ள இருக்கறவங்க. வெளிய போறவ தலையில போட்டாத்தான் கோப்பு மூடும். மூடியாச்சு, விடுங்க.”

“மூடல ஆர்டிஸ்” என்றான் க்ளின்ட். “அந்த அம்மாவோட நிலத்துக்கு இன்னும் வழக்கு நடக்குது. தப்பான ஆளத் தண்டிச்ச கோப்ப வச்சுக்கிட்டு நான் என்னத்த விசாரிக்கறது?”

நீங்கள் ஸ்டேப்ளரைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தீர்கள்.

இந்த மடலில் உங்கள் பொறுமையையும் பெருந்தன்மையையும் வாழ்த்தியிருக்க வேண்டும். வாழ்த்தக் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் அவற்றின் நிழலில்தான் நாங்கள் ஒளிந்திருந்தோம். பெருந்தன்மை என்று நாங்கள் பெயர் வைத்தால் அது எங்களுக்கு வசதியாகிவிடும். ஆகவே உங்களை இரண்டு காரியங்களுக்கு மட்டும் பாராட்டுகிறோம்: படித்துப் பார்க்காமல் நீங்கள் எதிலும் எழுத்துப் போட்டதில்லை, தொலைபேசியில் அழைத்துப் பேசாமல் யாருடைய விண்ணப்பத்தையும் திருப்பி அனுப்பியதுமில்லை.

உங்கள் கண்கள் தெளிவாகவே இருக்கட்டும். முழங்கால் வலி ஏரிக் காற்றில் குறையட்டும். இன்னும் பல ஆண்டுகள் புது வீட்டின் சாவியை யார் கையிலாவது வைத்து அவர்கள் முகத்தைப் பார்க்கும் வேலை உங்களுக்கு வாய்க்கட்டும்.

அது வாய்க்க ஒரு வழி இருக்கிறது. கண்டனத்தை மறுபடி ஆராயும்படி வாரியத்தைக் கேட்கலாம். ஆனால் கண்டனம் பெற்றவரே கேட்க வேண்டும், கண்டனம் வழங்கிய முப்பது நாளுக்குள் கேட்க வேண்டும். முப்பதாவது நாள் இன்று. அலுவலகம் நாலரை மணிக்கு மூடும். எங்கள் மூவரின் வாக்குமூலங்களும் மருத்துவமனை கொடுத்த விடுப்புச் சான்றும் இந்த மடலோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. இவற்றால் எங்களுக்கு என்ன நேரும் என்பதை யோசித்துவிட்டோம். கீழே முழுப் பெயரோடு ஒப்பமிட்டிருக்கிறோம்: டெஸ்ஸா க்வாம், க்ளின்ட் ஹோஃபர், ரோசாலியா மொன்டெஸ்.

மேல்முறையீட்டுத் தாளில் மற்ற எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டோம். உங்கள் கையெழுத்து மட்டும்தான் இல்லை. நாங்கள் இதைப் படித்து முடித்ததும் ரோசாலியா பேனாவோடு உங்கள் நாற்காலிக்கு அருகே வருவாள். எங்களுக்காக வேண்டாம், உங்களுக்காக, ஆர்டிஸ், தயவுசெய்து அதை வாங்கிக்கொள்ளுங்கள்.