கைப்பிடி இல்லாத கதவு

அக்டோபர் 9, 2025, வியாழன்.

இன்று வகுப்பில் ஒரு சின்னத் தவறு செய்தேன். பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முனையைத்தான் முதலில் கழற்ற வேண்டும். நான் பாசிட்டிவில் ஸ்பேனரை வைத்தேன். ஸ்பேனரின் வால் பாடியில் பட்டுப் பொறி பறந்தது. கார் மின்சாரம் படிக்க வருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித்தரும் பாடம் இது. நான் சேர்ந்து ஏழு மாதமாகிறது.

"என்ன செழியன், தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்குல்ல?" என்றார் அப்துல் ரஹ்மான் சார். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற ஃபாஜில், "விடுங்க சார், அவனோட ஃபிரெண்டு இப்பத்தான்..." என்று மெல்லச் சொன்னான். சாரின் முகம் மாறிவிட்டது. என் தோளைத் தட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

தினமும் நோட்டில் அன்றைய தவறை முதலில் எழுதுங்கள், மறுநாள் வேலையைக் கடைசியில் எழுதுங்கள் என்பது சார் எங்களுக்குச் சொன்ன முறை. நடுவில் என்ன எழுதுவதென்று அவர் சொல்லவில்லை. இன்று நடுவில் சபரியைப் பற்றி எழுதுகிறேன். தப்பாக எழுதினால் கோடு போட்டு அடிக்க மாட்டேன். கீழே திருத்தி எழுதுவேன்.

சபரிநாதன் பாபநாசம் பள்ளியில் என்னோடு படித்தவன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தான். போன வருடம் கோயம்புத்தூரில் ஒரு கிடங்கில் கிடந்த ஸ்போர்ட்ஸ் காரை ஃபோட்டோவில் பார்த்தே வாங்கிவிட்டான். இரண்டு கதவு, ஜப்பானில் செய்த வண்டி. லாரியில் ஏற்றி வந்து பாபநாசத்தில் என் மெக்கானிக் கடை வாசலில் இறக்கினார்கள். எலிகள் வயரிங்கைத் தின்றிருந்தன. எஞ்சின் ஆயிலில் தண்ணீர் கலந்து டீ நிறத்தில் இருந்தது. பின் கண்ணாடி இல்லை. டிக்கிக்குள் ஒரு கோழிமுட்டை கிடந்தது. வீடியோ காலில் அதைக் காட்டினேன்.

"முட்டை ஃப்ரீயாடா? அப்ப லாபந்தான். ஆம்லெட் போட்டுரு" என்றான்.

அவன் அங்கே இருந்தான், வண்டி இங்கே இருந்தது. எஞ்சினை இறக்கிப் பிரித்து, ஒவ்வொரு போல்ட்டையும் மண்ணெண்ணெயில் கழுவி, திரும்பக் கட்டினேன். வயரிங் எனக்குப் புரியவில்லை. அதற்காகத்தான் தஞ்சாவூரில் இந்த மாலை வகுப்பில் சேர்ந்தேன். வண்டியின் கம்ப்யூட்டர் இறந்திருந்தது. அதை உயிர்ப்பிக்க ஆள் தேடிப் பெங்களூருக்கு இரண்டு முறை போனேன். இன்னொரு முறை பழுதானால் இதைச் சரிசெய்ய முடியாது, மாற்றுப் பாகமும் கிடைக்காது என்று அந்த ஆள் சொல்லி அனுப்பினார். பின் கண்ணாடி டெல்லியில் ஒரு பழைய சாமான் கடையில் இருந்தது. மரப்பெட்டியில் ரயிலில் வந்தது. தஞ்சாவூர் ஸ்டேஷனிலிருந்து அதைச் சரக்கு வேனில் கொண்டுவந்தபோது, நான் முன்னால் உட்காராமல் பின்னால் பெட்டியைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

பிறகு சபரிக்குப் புது யோசனைகள் வந்தன. வண்டியைத் தாழ்த்தச் சொன்னான். அகலமான டயர் கேட்டான். எடை சமமாக இருக்கப் பேட்டரியைப் பின்னால் டிக்கிக்கு மாற்றச் சொன்னான். இவை எல்லாரும் செய்கிற வேலைகள். டிக்கிக்கும் உள்ளறைக்கும் நடுவே இரும்புத் தகடு அடித்தேன். பேட்டரி உள்ள இடத்தில் அப்படித்தான் செய்ய வேண்டும். கடைசியாகக் கதவுக்கு வந்தான்.

"கைப்பிடியே இருக்கக் கூடாதுடா செழியா. உள்ளயும் சரி வெளியவும் சரி. மழமழன்னு இருக்கணும். பாக்குறவன் எங்கடா கதவுன்னு தலையச் சொறியணும்."

"அப்புறம் எப்படித் தொறப்ப?"

"பட்டன். அமுக்குனா டக்குனு தொறக்கணும்."

"கரண்டு போச்சுன்னா?"

"அதான் நீ இருக்கல்ல" என்று சிரித்தான்.

கைப்பிடிகளை எடுத்துவிட்டு ஓட்டைகளைத் தகடு வைத்து அடைத்தேன். கதவுக்குள் மின்சாரத்தில் கொக்கியை இழுக்கும் ஒரு சின்ன உருளையைப் பொருத்தினேன். ஆனால் இது ஆபத்தான வேலை என்பது எனக்குத் தெரியும். அதனால் யாரும் சொல்லாமலே ஓட்டுநர் இருக்கைக்கு அடியில், கார்ப்பெட்டுக்குள், சைக்கிள் பிரேக் கம்பி ஒன்றை வைத்தேன். அதை இழுத்தால் மின்சாரம் இல்லாவிட்டாலும் கொக்கி விடும். விடுமுறையில் வந்ததும் சபரியிடம் அதைக் காட்டினேன்.

போன மாதம் வந்தான். வண்டியை முதல் முறை நேரில் பார்த்தான். சுற்றிச் சுற்றி வந்தான். அந்த வாரம் முழுவதும் கடையிலேயே இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைவீதியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னான்.

"ஒன்னு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லு."

"வண்டிக்கு ஆள் பாத்துட்டேன். சென்னைக்காரன். புதன்கெழம வந்து எடுத்துக்குறானாம்."

நான் டீயைக் குடித்து முடித்தேன்.

"என்னடா பேயறஞ்ச மாதிரி நிக்குற? இன்னொன்னு வாங்குவோம்டா. நல்ல வண்டியா. அதையும் நீதான் செய்யப் போற."

"சரி" என்றேன்.

"கடைசியா ஒரு ரவுண்டு போயிட்டு வந்துர்றேன். நீ பைக்குல பின்னாடியே வா. பின் வீலு ஆடுதான்னு பாத்துச் சொல்லு."

எனக்குக் கோபம் வந்ததா என்று பிறகு யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அது உண்மையும்கூட. நான் பின் சக்கரத்தைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். அது ஆடவில்லை.

குடமுருட்டி ஆற்றின் கரைச் சாலையில் பாதி அகலத்துக்குக் குறுவை நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். ஈரப்பதம் கூடுதலாக இருக்கிறதென்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிய நெல். வண்டிகள் ஏறாமலிருக்க ஓரமாகக் கற்களை வரிசையாக வைத்திருந்தார்கள். வளைவில் திரும்பிய சபரி கல்லுக்குப் பயந்து ஒதுங்கி, கல் இல்லாத இடத்தில் நெல்மேல் ஏறினான். பிரேக் பிடித்தான். நெல்மணிமேல் டயர் நிற்காது. வண்டி பக்கவாட்டில் நழுவி, கரைச்சரிவில் இறங்கி, மூக்கு ஆற்றுக்குள் போய் நின்றது. பின் சக்கரம் ஒரு மரவேரில் மாட்டிக்கொண்டது. முன்பாதி தண்ணீரில், டிக்கி வெளியே. ஆற்றில் கரைக்குக் கரை தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நெல்லைக் காவல் காப்பவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

வண்டி விழுந்ததில் எனக்குப் பங்கு எதுவுமில்லை. இதை மூன்று பேர் விசாரித்துச் சொன்னார்கள்.

நான் சரிவில் இறங்கினேன். மாற்றுச்சாவி எப்போதும் என்னிடம்தான் இருக்கும். டிக்கியைத் திறந்து பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினேன். வண்டி தண்ணீரில் விழுந்தால் முதலில் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். இதைத்தான் சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். வண்டியைச் சோதித்த மோட்டார் வாகன ஆய்வாளரும் கூட இருந்தார். "நீங்க செஞ்சது சரிதான் தம்பி. படிச்ச புள்ளைங்கறது தெரியுது" என்றார்.

இங்கே ஒரு திருத்தம். தீயைப் பற்றி அப்போது நான் நினைக்கவில்லை. கம்ப்யூட்டரைப் பற்றி நினைத்தேன். மின்சாரம் ஓடும்போது நனைந்தால் அது செத்துவிடும். மின்சாரம் இல்லாமல் நனைந்தால் காயவைத்துக்கொள்ளலாம்.

சபரி பின்னால் திரும்பி, டிக்கி மூடியின் ஓரமாக நின்ற என்னைப் பார்த்தான். நெற்றியில் ரத்தம் இருந்தது, ஆனால் நல்ல நினைவோடுதான் இருந்தான். கண்ணாடியைத் தட்டினான். நான் உள்ளங்கையைக் காட்டி, பொறு என்றேன். அவன் தலையாட்டினான். நான் எதையோ எடுக்கிறேன் என்று நினைத்திருப்பான். அவன் இடுப்பளவுக்குத் தண்ணீர் வந்திருந்தது.

நாகம்மாள் என்கிற அம்மாதான் முதலில் ஓடிவந்தவர். நெல் அவருடையது. சோற்றுக் கையோடு வந்தார். "அய்யோ, யாரு உள்ள? யாருப்பா உள்ள?" என்று கத்திக்கொண்டே வந்தார். அவர் கரைக்கு வந்தபோது வேர் அறுந்து வண்டி முழுவதும் உள்ளே இறங்கிவிட்டது. நான் கழுத்தளவு தண்ணீரில் டிக்கி மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என்னை முடியைப் பிடித்து இழுத்துக் கரையேற்றியவர் அவர்தான். போலீசிடமும் அவர்தான் பேசினார்.

"இந்தத் தம்பி உசுரக் குடுத்துப் பாத்துச்சுங்க. வண்டியோட சேந்து இதுவும் போயிருக்கும். கூடப் பொறந்தவன்கூட இப்படி நிக்க மாட்டான்."

டிராக்டர் வந்து கயிறு கட்டி இழுத்தது. பின் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

கண்ணாடியை உடைக்க நேரம் இல்லையா என்று காயாரோகணம் மாமா ஒரே ஒரு முறை கேட்டார். அவர் சபரியின் அப்பா. தகவல் வந்தபோது கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளோடு வரிசையில் நின்றிருந்தார். உடைக்கக் கையில் எதுவும் இல்லை மாமா என்றேன். அதையும் திருத்த வேண்டும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே வீல் ஸ்பேனர் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். ஓங்கி ஒரு அடி போதும். டெல்லியிலிருந்து வந்த இந்தப் பின் கண்ணாடி இனிமேல் கிடைக்காது என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அந்த நினைப்பு வந்ததற்காக வெட்கப்பட்டேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

இருக்கைக்கு அடியில் இருந்த கம்பியைப் பற்றி யாருமே கேட்கவில்லை. அவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பது தெரியாது. சபரிக்கும் தெரியாது. காட்டினேன் என்று மேலே எழுதியிருக்கிறேன், காட்டவில்லை. அந்த ஒரு வாரத்தில் பல முறை சொல்ல வாயெடுத்தேன். ஒவ்வொரு முறையும், இந்த வண்டியில் எனக்கு மட்டும் தெரிந்தது ஒன்று இருக்கட்டுமே என்று விட்டுவிட்டேன். சரிவில் நின்று, "சீட்டுக்கு அடியில இழுடா" என்று கத்தியிருந்தால் அவனுக்குக் கேட்டிருக்கும். உள்ளே தண்ணீர் நிறைந்து இருபக்கமும் அழுத்தம் சமமானதும் கதவைத் தள்ளி வெளியே வந்திருப்பான். மூச்சைப் பிடிக்கத் தெரிந்தவன். இதே ஆற்றில் நீந்தியவன்தான்.

காரியம் முடிந்த மறுநாள் மாமா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போலீசார் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம்.

"அத எங்கண்ணுல காட்டாத தம்பி. நீயே எடுத்துக்கிட்டுப் போயிரு. விக்காத. விக்கிறேன்னு அவன் சொன்னதா யாரோ சொன்னாங்க, நான் நம்பல. அவன் அத விக்க மாட்டான்."

"விக்க மாட்டேன் மாமா" என்றேன்.

அதில் பொய் இல்லை. வண்டி இப்போது என் கடையில் நிற்கிறது. சேற்றைக் கழுவிவிட்டேன். கம்ப்யூட்டரைக் கழற்றி வெயிலில் காயவைத்து நேற்று மாட்டிப் பார்த்தேன். விளக்குகள் வரிசையாக எரிந்து அணைந்தன. பிழைத்துக்கொண்டது.

இன்னும் ஒரு திருத்தம் மிச்சமிருக்கிறது. நெகட்டிவ் முனையைக் கழற்றினேன் என்று எளிதாக எழுதிவிட்டேன். நடந்தது இப்படி. நட்டைத் தளர்த்தியிருந்தேன், முனை இன்னும் பேட்டரிமேல் உட்கார்ந்திருந்தது. அப்போது ஓட்டுநர் பக்கக் கண்ணாடி இறங்கத் தொடங்கியது. வெளியே தண்ணீர் அழுத்தியதில் கதவு திறக்காமல், சபரி ஜன்னல் பொத்தானை அழுத்தியிருந்தான். கண்ணாடி மெதுவாக இறங்கியது. நான்கு விரல் அளவு இறங்கியதும் ஆறு அதன் விளிம்பைத் தாண்டி உள்ளே ஊற்றியது. முழுவதும் இறங்கினால் அவன் வெளியே வந்துவிடுவான். முழுவதும் இறங்கினால் தண்ணீர் மொத்தமும் டாஷ்போர்டுக்கடியில் கம்ப்யூட்டர்மேல் கொட்டும். இரண்டும் எனக்கு ஒரே சமயத்தில் தெரிந்தன. முனையை இரண்டு விரலால் தூக்கினேன். கண்ணாடி நின்றது. அந்த இடைவெளியில் அவன் விரல்கள் வெளியே வந்தன.

பொறு என்று நான் கை காட்டியது அதற்குப் பிறகுதான். முனை மறு கையில் இருந்தது. திரும்ப வைத்திருந்தால் கண்ணாடி இறங்கியிருக்கும். வேர் அறும்வரை கையிலேயே வைத்திருந்தேன். அவன் தட்டுவது அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது.

சபரியை நான் கொன்றேன் என்று எழுதினால் அது சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் வண்டியைக் காப்பாற்றத்தான் செய்தேன். அதற்கு வேறு வழி இருந்ததா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நாளை: ஓட்டுநர் பக்கக் கதவின் உள்ளுறை நகம் பட்டுக் கிழிந்திருக்கிறது. கும்பகோணத்தில் சீட் தைக்கும் கடையில் அதே கருஞ்சிவப்பு ரெக்சின் இருக்கிறதா என்று காலையிலேயே போய்க் கேட்க வேண்டும்.