மாடி மூலை அறைக்கு ஒரே ஒரு நட்சத்திரம்

கதவை யாரோ படபடவென்று தட்டியபோது, நான் கைப்பேசியில் ஒரு படத்தைப் பற்றிக் கருத்து எழுதிக்கொண்டிருந்தேன். அருமையான படம். அதனால் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்திருந்தேன்.

எங்கள் வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை. மனைவியின் தங்கைகூட வருவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. மனைவிக்கு அதில் தீராத வருத்தம். எனக்கு வீடு அமைதியாக இருப்பதில் ஒரு நிம்மதி. வந்தது யார் என்று சொல்வதற்கு முன்னால் அந்த நட்சத்திர விஷயத்தை விளக்கிவிடுகிறேன். கேட்டால் நீங்களும் நியாயம்தான் என்பீர்கள்.

குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு எனக்கு. தண்ணீர் வராதவர்கள் போனில் திட்டுவார்கள். தண்ணீர் வந்தவர்கள் கலங்கலாக வந்தது என்று திட்டுவார்கள். இப்படிக் காது புண்ணான மனுஷன் விடுமுறையில் படத்துக்குப் போனால், பின்சீட்டுக்காரன் முட்டியால் முதுகில் இடிக்கிறான். பக்கத்தில் ஒரு குடும்பம் அடுத்த காட்சி என்ன என்று ஏலம் போடுகிறது. நல்ல படம் என்றால் கூட்டம் வரத்தான் செய்யும். ஆகவே படம் பிடித்துப்போனால், பல பெயர்களில் உடனே கருத்து எழுதிவிடுவேன். மறுவாரம் ஒரு வரிசை முழுக்க எனக்கே. காலை நீட்டிக்கொண்டு இன்னொரு முறை ரசிப்பேன்.

எங்கள் தெருமுனைத் திரையரங்கில் இப்போது தரை ஓடு விற்கிறார்கள். உள்ளே போய், திரை இருந்த சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தேன். அந்தத் திரையரங்கின்மேல் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

சும்மா திட்டினால் எவரும் நம்ப மாட்டார்கள். முதலில் ஒரு சின்னப் பாராட்டு வேண்டும். ‘அறையில் குளியல் துண்டுகள் சுத்தமாக இருந்தன. ஆனால்...’ அந்த ‘ஆனால்’ வந்ததும் படிக்கிறவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். புகார் கேட்டுக் கேட்டு நான் கற்றுக்கொண்டது இது.

இனி ஏரிக்கரை விடுதி. கோடை விடுமுறைக்கு முதன்முதலாகப் போனபோது, விடுதிக்காரம்மா எங்களுக்கு மாடி மூலை அறையைக் கொடுத்தார். ஜன்னலைத் திறந்தால் ஏரி. வெளியே பொது வராந்தாவில் ஒரு சாய்வு நாற்காலி. கிளம்பும்போது அந்த அம்மா, “இனிமே இது உங்க ரூம் சார்,” என்றார். எல்லாரிடமும் சொல்கிற உபசார வார்த்தை என்று நினைத்துக்கொண்டேன்.

“இந்த இடத்தைப் பத்தி எல்லார்கிட்டயும் சொல்லணுங்க,” என்றாள் மனைவி. நான் அவசரமாகப் பேச்சை மாற்றினேன்.

மறுவருடம் போனால், என் சாய்வு நாற்காலியில் யாரோ ஒருவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். ஊர் திரும்பியதும் எழுதத் தொடங்கினேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியராக எழுதினேன். மருந்து விற்பனைப் பிரதிநிதியாக எழுதினேன். புது மணப்பெண்ணாகவும் எழுதினேன். மாடி மூலை அறையின் குழாய் ராத்திரியெல்லாம் சொட்டியதில், கணவன் கோபித்துக்கொண்டு தனியாக ஊருக்குப் போய்விட்டான் என்று அவள் அழுதிருந்தாள். அதைப் படித்துவிட்டு என் மனைவியும் அழுதாள். எழுதியதெல்லாம் மாடி மூலை அறையைப் பற்றித்தான். மற்ற அறைகளை நான் பார்த்ததில்லை. பார்க்காததைப் பற்றி எழுத மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

வருடத்துக்கு வருடம் விடுதி அழகாகிக்கொண்டே வந்தது. முதலில் குழந்தைகளின் சத்தம் நின்றது. பிறகு தோட்டக்காரர் நின்றார். பிறகு சமையல்காரர். கடைசியில் விடுதிக்காரம்மாவே சமைத்து, அவரே பரிமாறினார். “எங்க தப்பு பண்றோம்னே தெரியல சார்,” என்றார் ஒருநாள்.

“ஒரு தப்பும் இல்லம்மா,” என்றேன். மனதாரச் சொன்னேன்.

கதவைத் தட்டியது அந்த அம்மாதான். கையில் மாடி மூலை அறையின் சாவி. மனைவி ஓடிப்போய் நாற்காலி இழுத்துப் போட்டாள். வீட்டுக்கு ஓர் ஆள் வந்துவிட்ட சந்தோஷம் அவளுக்கு.

“விடுதியை வாங்கறவங்க இடிச்சுட்டு கிடங்கு கட்டப் போறாங்களாம். நாளைக்குக் கையெழுத்து,” என்றார் அந்த அம்மா, சாவியை மேஜைமேல் வைத்து. “குறை சொல்லாம வருஷா வருஷம் வர்றது நீங்க மட்டும்தான் சார். நாலு நல்ல வார்த்தை எழுதினா, நானும் ஒரு தடவை யோசிப்பேன்.”

“இவரா? இவருக்கு எழுதவே வராதும்மா,” என்று சிரித்தாள் மனைவி.

“ஒண்ணு மட்டும் புரியல,” என்றார் விடுதிக்காரம்மா. “திட்டுன அத்தனை பேரும் மாடி மூலை ரூமைத்தான் திட்டியிருக்காங்க. அந்தச் சாவியை நான் உங்களைத் தவிர யாருக்கும் குடுத்ததே இல்லையே. நீங்க வராத நாள்ல பூட்டித்தானே வெச்சிருக்கேன்.”

மனைவியின் சிரிப்பு பாதியில் நின்றது.

நான் மறைக்கவில்லை. உங்களிடம் சொன்ன மாதிரியே நிதானமாக எல்லாவற்றையும் சொன்னேன். பிடித்துப்போனதால்தான் செய்தேன் என்பதையும் சொன்னேன்.

விடுதிக்காரம்மா திட்டவில்லை. “அப்ப எங்க மேல தப்பே இல்லையா?” என்று கேட்டார்.

“அன்னைக்கே சொன்னேனேம்மா.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “கையெழுத்து இல்லைன்னு போய்ச் சொல்லிடறேன்,” என்று எழுந்தார். மேஜைமேல் இருந்த சாவியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, படியிறங்கிப் போனார். நல்ல பெண்மணி. இனி கூட்டம் வந்துவிடுமே என்று எனக்குக் கவலையாக இருந்தது.

மனைவி அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“என் தங்கச்சிகிட்ட என்னைப் பத்தி என்னங்க சொன்னீங்க?”

“முதல்ல பாராட்டித்தான் ஆரம்பிச்சேன்,” என்றேன்.