இரண்டு முறை சொன்னேன்

எனக்குக் காது கூர்மை, ஐயா. வெளியே கட்டியிருக்கும் உங்கள் குதிரைக்கு ஒரு லாடம் தளர்ந்திருப்பது இங்கிருந்தே கேட்கிறது. போகும்போது கவனியுங்கள்.

லீட்ஸில் ஸ்க்ரூட்டன் கொதிகலனைத் தெரியாத ஆலை முதலாளி கிடையாது. அப்பா தொடங்கிய பட்டறை. தகடுகளை இணைக்கும் ஆணியை வெளியிலிருந்து சம்மட்டியால் அடிக்கும்போது, கலனுக்குள்ளே ஒருவர் இரும்புக் கட்டியை முட்டுக்கொடுத்துப் பிடிக்க வேண்டும். தம்பி ஆம்ரோஸ் ஒல்லி. பத்து வயதில் உள்ளே போனவன் இருபது வயதில் முழுச் செவிடாகிவிட்டான். வெளியே நின்று அடித்தது நான். முகம் பார்த்துப் பேசினால் உதட்டசைவிலேயே எல்லாம் புரிந்துகொள்வான். கெட்டிக்காரன். போன குளிர்காலத்தில் அப்பா இறந்தபோது பட்டறையை அவன் பெயருக்கு எழுதிவைத்திருந்தார். மேஸ்திரி வேலை எனக்கே இருந்தது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். புதுக் கலனில் முதன்முதலாக நீராவி ஏற்றும்போது, கடைசி ஆணியை அடித்தவர் அதன்மேல் உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட வேண்டும். வாங்க வந்தவருக்கு அதைப் பார்த்தால்தான் நம்பிக்கை. முப்பது வருடம் அப்பா உட்கார்ந்தார், பிறகு நான்.

செவ்வாய்க்கிழமை காலை தகடுகளைத் தட்டிப் பார்த்தேன். நல்ல தகடு மணிபோல ஒலிக்கும். அடியில் மூன்றாவது தகடு விரிசல் விட்ட பானை மாதிரி ஒலித்தது. கடைசி ஆணி மட்டும் பாக்கி இருந்தது. சம்மட்டியைத் தம்பியிடம் நீட்டினேன்.

"கடைசி ஆணி எனக்கா? இன்னைக்கு மழை கொட்டப்போகுது, அண்ணே" என்றான், தன் உரத்த குரலில்.

"முதலாளி நீதானே. இனிமே நீயே உக்காரு."

"ஏன், பயம் வந்துடுச்சா?"

"முதுகு வலிடா."

அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் பார்த்ததில்லை. மதியம் மேலே ஏறி, வாசலருகே நின்ற ஆலை முதலாளி டின்ஸ்டேலைப் பார்த்து உட்கார்ந்தான். ரொட்டியைப் பிட்டுப் பாதியை எனக்கென்று துணியில் எடுத்துவைத்தான். கலன் வெடித்ததில் டின்ஸ்டேலுக்குக் கை முறிந்ததோடு போயிற்று. தம்பியைத்தான் அடையாளம் காண முடியவில்லை. பூட்ஸை வைத்து நான்தான் சொன்னேன்.

தெரிந்தே உட்காரவைத்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. உண்மைதான். கூடவே இதையும் எழுதுங்கள். நீராவி ஏறத் தொடங்கியதும், "தகடு சரியில்ல, எறங்குடா" என்று இரண்டு முறை சொன்னேன். அவன் முதுகுக்குப் பின்னால், செங்கல் சுவரோரம் நின்று தெளிவாகச் சொன்னேன். பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டேன்.

ஒரு அண்ணன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.